எந்தப் பக்க நாற்காலி

மகளின் மேசையில் கிடந்த கடிதத்தைப் படித்ததும் பெரியவருக்கு ரத்தம் கொதித்தது. அலுவலகத்தில் பெண் ஊழியருக்குத் தொல்லை தரப்பட்டதாகப் புகார். விசாரணைக்கு நேரில் வரவும். உறவினர் ஒருவர் துணைக்கு வரலாம்.

"யாரும்மா அந்தப் பய?"

"நீங்க இதுல தலையிடாதீங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

"வெக்கப்பட வேண்டியது நீ இல்ல, அவன். நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்கு. சட்டம் இருக்கு, அப்பன் நானும் இருக்கேன். வா."

சலவைச் சட்டை விறைக்க, மகளுக்கு முன்னால் நடந்து விசாரணை அறைக்குள் நுழைந்தார். மேசையின் இடப்பக்கம், ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாவி, இவளையும் விட்டுவைக்கவில்லையா என்று பொருமியபடி அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்.

"பயப்படாதம்மா. அவனை வீட்டுக்கு அனுப்பாம நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

விசாரணைக் குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, இது புகார் கொடுத்தவங்க பக்கம். நீங்க அந்தப் பக்கம் போகணும். இவங்க கர்ப்பம்னு தெரிஞ்ச நாள்லேருந்து, எல்லார் முன்னாடியும் கேவலமாப் பேசி, வேலைய விட்டுப் போன்னு விரட்டினது இவங்க மேலாளர். உங்க பொண்ணு."

எதிர்ப்பக்கம் நின்ற மகள் தலையை நிமிர்த்தவில்லை. "அப்பா, இங்க வாங்க."

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார்.

"எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றார். "விசாரணைய ஆரம்பிங்க."