சூப்புக்குப் போடுற வேர்

ஸ்காபரோவின் சீன மூலிகைக் கடையில், கண்ணாடிச் சாடிகளுக்குப் பின்னால் மாரிகால வெயில் மங்கலாக நிற்கிறது. யசிந்தனின் மாமி, அவன் மனைவி துஷானியின் தாய் கமலாம்பிகை, தட்டிலிருந்து ஒரு டொங் குவாய் வேரை எடுத்து மோந்து பார்க்கிறார். "உதுதான் தம்பி, நீங்கள் துஷானிக்குச் சூப்பிலை போட்டுக் குடுத்தது. குடிச்ச பிறகு பிள்ளையின்ரை முகத்திலை என்ன ரத்தக்களை!" மற்றக் கையை அவன் கைமேல் வைத்து வாஞ்சையோடு அழுத்துகிறார். கடைக்காரப் பெண் தராசை விட்டுவிட்டு, இரத்தம் உறையாமலிருக்க இந்த அம்மா குளிசை எடுக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். எடுக்கிறார். துஷானியும் எடுத்தாள். போன வருடம் அவளுக்குத் தலைக்குள் இரத்தம் கசிந்த அன்று, வேறு ஏதும் மருந்து எடுத்தாளா என்று டொக்டர் கேட்க, யசிந்தன் இல்லை என்றுதான் சொன்னான். சூப்பை யார் மருந்தென்று நினைப்பார்கள்? அவள் செத்த பிறகுதான் அந்த வேரும் குளிசையும் சேரக்கூடாதென்று வாசித்தான். வாசித்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. "என்னவாம் தம்பி?" வேரின் இனித்த வாசம் தொண்டையில் ஒட்டுகிறது. "வேண்டாம் மாமி. உது உங்கடை குளிசையோடை சேராது. ரத்தம் கசிஞ்சால் நிக்காது." மாமி சிரிக்கிறார். "சும்மா விடுங்கோ, சூப்புத்தானே! துஷானியும் உந்தக் குளிசையோடைதானே குடிச்ச…" சொல் பாதியில் நிற்கிறது. வேர் தட்டில் விழுகிறது. அவன் கைமேல் இருக்கும் கை அசையவில்லை. யசிந்தன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்; அதற்கு மேலே பார்க்க அவனால் முடியவில்லை.