பூட்ஸ் சத்தம்

"பூட்ஸைக் கழட்டு. இல்லேன்னா கிதாரைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு" என்றான் டாரல்.

நடீன் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, காலுறையோடு வந்து நின்றாள்.

அமெரிக்காவின் தெற்கு இல்லினாயில், எங்கள் ஊர்ப் பழைய தீவனக் கடைக்குள் 'கிராவல் சண்டே' குழுவின் முதல் ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்தது. மெட்டு 'கண்ட்ரி' என்கிற நாட்டுப்புற வகைதான், ஆனால் ராக் மாதிரி கிதாரைக் கதறவிடுவார்கள். கண்ட்ரி வானொலிக்காரர்கள் இது ராக் என்று தள்ளிவிட்டார்கள். ராக்காரர்களோ வைக்கோல் வாடை அடிக்கிறது என்றார்கள். இரண்டிலும் சேராத இந்தப் பாட்டுக்காக உயிரை விடவும் ஊரில் நாலு பேர் இருந்தோம்.

எழுதுவதும் பாடுவதும் டாரல். டிரம்ஸ் அவன் அண்ணன் வெர்ன். பேஸ் கிதார் நடீன். எல்லோரும் ஒரே அறையில் நின்று, ஒன்றாக வாசித்து, அப்படியே பதிவு செய்ய வேண்டும், பிறகு ஒட்டுப்போடும் வேலையே கூடாது என்பது டாரலின் பிடிவாதம்.

அதற்குத்தான் நடீன் உலை வைத்தாள். தன் மைக் முன்னால் நிற்க மாட்டாள். வெர்னின் ஸ்டூலை ஒட்டிப் போய் நின்றுகொண்டு, டிரம்ஸ் வைத்த பலகையில் பூட்ஸ் குதிகாலால் தொம் தொம் என்று அடிப்பாள். அது எல்லா மைக்கிலும் விழுந்தது. தனியாகப் பிரித்து எடுக்கவும் வழியில்லை.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் காலுறையோடு வாசித்தபோது பாதியில் கையைத் தூக்கினாள். "தப்பு என்னுது. மறுபடி போலாம்."

மறுபடியும் அதே இடத்தில் கையைத் தூக்கினாள். அடுத்த முறையும் அதே கதை.

டாரலுக்குத் தலைக்கேறிவிட்டது. "தாளம் நிக்காதவங்களுக்கு என் குழுவுல இடம் இல்ல. எங்க அண்ணனா இருந்தாலும் இதேதான்" என்று சொல்லிவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போனான்.

திரும்பி வந்தபோது நடீன் பூட்ஸை மாட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே நின்றாள். கடைசியாக ஒரே ஒரு தடவை என்று கேட்டாள். பாட்டு பிசிறில்லாமல் வந்தது, தொம் தொம்மும் சேர்ந்துதான்.

"பாட்டு முடிஞ்சுது. நீயும் கிளம்பு" என்றான் டாரல்.

வெர்ன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு அடங்கிவிட்டான். நடீன் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போனாள். திமிர் பிடித்தவள் என்று ஊரே பேசியது.

வசந்தத்தில் ஆல்பம் வந்தது. அட்டைப் படத்தில் நடீனை வெட்டிவிட்டிருந்தார்கள். சிகாகோவில் இருந்து வரும் இசைப் பத்திரிகை ஒன்று தூக்கி வைத்துக் கொண்டாடியது. இந்த ஆல்பத்தின் உயிரே அந்த பூட்ஸ் சத்தம்தான் என்று எழுதியது. வானொலிப் பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டபோது டாரல், "அது நான் வேணும்னே வெச்சது" என்றான்.

ஆகஸ்டில் எங்கள் கவுண்டி, அதாவது மாவட்டத் திருவிழா. சொந்த ஊரில் ஆல்பத்துக்கு முதல் மேடை. 'பை' என்கிற பழப் பணியாரம் சுடும் போட்டி முடிந்து, டிராக்டர் இழுக்கும் போட்டி தொடங்கும் முன் இவர்கள் வாசிக்க வேண்டும். நடீன் இடத்தில் கோடி என்று ஒரு பையன், கல்லூரியில் இசை படித்தவன், கான்வாஸ் ஷூவில் வந்து நின்றான்.

இரண்டாம் பாட்டிலேயே டிரம்ஸ் பின்தங்கியது. அதற்கடுத்த பாட்டில் டாரல் ஒரு பக்கம் பாட, டிரம்ஸ் இன்னொரு பக்கம் போனது. ஜனங்கள் எழுந்து கார்ன் டாக் விற்கும் தின்பண்டக் கடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் டாரல் கோடியைப் பிடித்துக்கொண்டான். பேஸ் சரியில்லை, அதனால்தான் எல்லாம் குட்டிச்சுவர் என்று வாய்க்கு வந்தபடி ஏசினான்.

"அவனை விடுடா. நான்தான்" என்றான் வெர்ன். "சுரங்கத்துல வேலை பாத்தப்பவே என் காது போயிடுச்சு. பேச்சு கேக்கும். பாட்டுன்னா ஒரே இரைச்சல், தாளம் எங்க இருக்குன்னே தெரியாது. நடீன் குதிகாலால அடிப்பா. பலகை அதிரும், ஸ்டூல் வழியா உடம்புல ஏறும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆல்பம் முழுக்க வாசிச்சேன்."

"அப்ப அவ தப்பு விட்டது?"

"அவ எங்க தப்பு விட்டா? நான் விட்டேன், அவ கையைத் தூக்கினா. சுரங்கத்தையும் மூடிட்டாங்க, எனக்கு இந்த டிரம்ஸ்தான் மிச்சம்னு அவளுக்குத் தெரியும்."

"அவளைப் போகச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"வாயெடுத்தேன். அந்த பூட்ஸாலயே என் காலை மிதிச்சா." வெர்ன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கப்புறமும் எத்தனையோ நாள் இருந்துச்சு. நான்தான் சொல்லல."

டாரல் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். ஓடிப்போய் அவள் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் நடீன் ஊரைவிட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. எங்கே போனாள் என்று அவன் யாரையும் கேட்டதும் இல்லை.

அப்போது ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். ரேடியோவில் பேட்டி கேட்டாளாம்.

"அந்த பூட்ஸ் சத்தம் நீங்கதானே? அதுக்காகவே வாங்கினேன். ஒரு கையெழுத்துப் போடுங்க."

டாரல் பேனாவை வாங்கினான். நடீனை வெட்டிவிட்டிருந்த அட்டையைப் பார்த்தான். பிறகு பேனாவைத் திருப்பி நீட்டினான்.

"இல்லம்மா. அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொன்னவன் நான்."