காருக்குள் ஓர் அடுப்பு

"தொட்டா அனலா கொதிக்குது மாப்ள. கொஞ்ச நேரம் பேசுது, அப்புறம் பேச்சு மூச்சே இல்ல. உடனே வாயேன்!"

"ஐயோ, யாருக்கு மாமா? பாப்பாவுக்கா?" போனில் மைத்துனன் பதறினான்.

"பாப்பா நல்லா இருக்கா. கார்ல புதுசா மாட்டின ஸ்டீரியோவுக்குத்தான்."

"யார் மாட்டினது?" என்றான்.

"வேற யாரு, நான்தான். ஊர் ஃப்ரிட்ஜை எல்லாம் ரிப்பேர் பண்ணிக் குளிர வைக்கிறவன், சொந்தக் காருக்குள்ள அடுப்பு மூட்டிட்டேன்."

பக்கத்தில் நின்ற மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "என் தம்பி வரமாட்டான். நீங்க பேசின பேச்சு அப்படி."

மைத்துனன் கார் எலக்ட்ரிக்கல் கடை திறந்த அன்று, வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இவன்கிட்ட வண்டியை விட்டா நடந்துதான் வீட்டுக்குப் போகணும்" என்று இவர் ஜோக் அடித்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவனைத் தவிர. அதற்கப்புறம் அக்கா வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை.

ஆனால் இன்று வந்தான். அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேராகக் காருக்குள் குனிந்தான். மீட்டரை வைத்து வயர் வயராகச் சோதித்தான்.

"கனெக்‌ஷன் எல்லாம் சுத்தமாத்தானே இருக்கு!"

"கிண்டல் பண்ணாதே. நான் பல்பு மாட்ட ஏறினாலே உங்கக்கா மெழுகுவத்தியைத் தேட ஆரம்பிச்சிடுவா."

மைத்துனன் ஸ்டீரியோவை முழுசாக வெளியே இழுத்தான். அதன் முதுகை ஒட்டி, நாலாக மடித்த தடித் துண்டு ஒன்று கூடவே வந்தது.

"என்ன மாமா இது?"

"கடகடன்னு ஆடாம இருக்கட்டுமேன்னு..."

"சூடு வெளியே போற இடத்துலயா? குளிருதுன்னு அது அழுதுச்சா, போர்த்தி விட்டிருக்கீங்க?" சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"நல்லா சிரி. அன்னிக்கு உன்னைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க, இன்னிக்கு என்னைப் பார்த்து நீ சிரி." அவர் குரல் இறங்கியது. "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாப்ள."

மைத்துனன் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "விடுங்க மாமா" என்றவன், வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, பசிக்குது. சாப்பிட என்ன இருக்கு?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

சாப்பிட்டு, அக்கா மகளோடு ஆட்டம் போட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில்தான் கிளம்பினான். அவன் வண்டி தெருமுனை திரும்பும்வரை கையாட்டிய மனைவி, கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, துணியை வெச்சு அடைச்சா சூடேறும்னு உங்களுக்குமா தெரியாது?"

"தெரிஞ்சுதான் அடைச்சேன்."