சூடு வந்த வேன்

மலையில் கேரட் ஏற்றிப்போகும் பழைய வேன் அது. ஹீட்டரில் காற்று வரும், சூடு வராது. அதனால் ஜோகியும் அவர் மனைவி மாதியும் ஒரே கம்பளியை மடியில் போட்டுக்கொள்வார்கள்.

"எல்லாத்தையும் உங்க பக்கமே இழுக்காதீங்க!" என்று வழி முழுக்கச் சண்டை.

ஒருநாள் மெக்கானிக் ஹீட்டர் குழாயை அடைத்திருந்த துருவைக் கழுவிவிட்டார். வேன் கதகதப்பானது. கம்பளி பின்னால் மூட்டைகள்மேல் போய்க் கிடந்தது.

"பார்த்தாயா என் சூட்டை?" என்றது ஹீட்டர் கம்பளியிடம்.



ஜோகி ரோட்டைப் பார்த்தார். மாதி ஜன்னலைப் பார்த்தார். சந்தை வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் ஹீட்டர் மெல்லக் கேட்டது: "கம்பளி, மறுபடி துருப்பிடிக்க எத்தனை நாளாகும்?"