ஞாயிற்றுக்கிழமை அவசரம்

"ஓய்வு நாளும் அதுவுமா கடைக்குக் கிளம்பிட்டியா?" சர்ச் வாசலிலேயே பிடித்துக்கொண்டார் போதகரின் மனைவி.

தையல்காரிக்கு முகம் சுண்டிப்போனது. "கல்யாணத் துணிம்மா. அவசரம்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னே?"

மெல்ல நழுவினாள். காலையில் அவள் கணவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "ஆறு நாள் மெஷினை மிதிச்சது பத்தாதா? இன்னைக்குத்தான் சொந்தக்காரங்க எல்லாம் சாப்பிட வர்றாங்க. யாரு சமைக்கிறது?"

கடைக்குள் நுழைந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள். செய்வது பாவம் என்று அவளுக்கே தெரியும். 'ஆண்டவரே, இந்த ஒரு வாரம் மட்டும் மன்னித்துவிடும்.' போன வாரமும் இப்படித்தான் கெஞ்சியிருந்தாள்.

சிறிது நேரத்தில் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அவள் எழுந்திருப்பதற்குள் போதகரின் மனைவி குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் மெஷினைப் பார்த்தார். அதன் உறையைக்கூடக் கழற்றவில்லை. கீழே ஒரு போர்வை விரித்திருந்தது. தலைமாட்டில் வெட்டுத்துணி மூட்டை. தையல்காரியின் கன்னத்தில் அந்த மூட்டையின் தடம்.

"கல்யாணத் துணி எங்கே?"

"பொய்தாம்மா." அவளுக்கு அழுகை முட்டியது. "ஆறு நாள் இங்கே, ஏழாவது நாள் அடுப்படி. வீட்டுல இருந்தா யாரும்மா என்னைப் படுக்க விடுவாங்க?"

போதகரின் மனைவி ஷட்டரை முழுசாக இறக்கினார்.

"எங்க வீட்டுல இன்னைக்கு இருபது பேருக்குச் சாப்பாடு. உன்கிட்ட துணிக்கு அளவு கொடுத்துட்டு வர்றேன்னு அவர்கிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றவர், செருப்பைக் கழற்றினார். "கொஞ்சம் தள்ளிப் படு."