கொளஞ்சியப்பனின் கேள்வி

"மிஸ், எனக்கு வௌவால் வேணாம். கொளஞ்சியப்பனோட கேள்விய எனக்குக் குடுங்க."

குனிந்து காதைக் கொடுத்தால்தான் பிரபாவதி டீச்சருக்கு அது கேட்டது. எட்டாம் வகுப்பு இசைப்பிரியாவுக்கு அத்தனை மெல்லிய கீச்சுக்குரல். வகுப்பில் 'விசில்' என்று பட்டப்பெயர். வருகைப் பதிவின்போது வாய் திறப்பதோடு சரி. அவள் தானாக வந்து ஒன்று கேட்கிறாள் என்பதே அதிசயம்தான்.

அந்த வாரம் அறிவியலில் ஒலி பற்றிய பாடம். பாடம் ஒன்று, ஆனால் ஆளுக்கொரு கேள்வி. கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து இணையத்தில் தேடி, கண்டுபிடித்ததை வெள்ளிக்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். யாருக்கு எது ஏறும் என்று யோசித்து யோசித்துத்தான் பிரபாவதி கேள்விகளைப் பிரித்திருந்தாள்.

நன்றாகப் படிக்கிற இசைப்பிரியாவுக்கு, வௌவால் இருட்டில் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்ற கேள்வி. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் கொளஞ்சியப்பனுக்கு, காதால் கேட்டே விடை தேடுகிற மாதிரி ஒன்று: மனிதக் காது கெடும்போது எந்தச் சத்தம் முதலில் கேட்காமல் போகிறது?

"அது ஈஸின்னு நெனைக்கிறியா?"

"இல்ல மிஸ்."

"பின்ன எதுக்கு?"

தரையைப் பார்த்தாள். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை.

"நான் தரமாட்டேன் மிஸ்," என்று குறுக்கே வந்தான் கொளஞ்சியப்பன். "என் கேள்விக்குத்தான் ஹெட்போன் உண்டு."

பிரபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ரெண்டு பேரும் சேந்தே பண்ணுங்க. நீ கேளு, அவ படிக்கட்டும்."

கொளஞ்சியப்பனுக்கு மறுநாளே சலித்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டான். இசைப்பிரியாவோ கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருப்பதாக இல்லை. நெட் சுற்றிச் சுற்றி நின்றாலும் பொறுமையாகக் காத்திருந்தாள். புரியாத ஆங்கில வார்த்தைகளுக்கு டீச்சரிடம் ஓடி வந்தாள். சாப்பாட்டு மணி அடித்தபோதும் உட்கார்ந்திருந்தாள். படிப்பில் ஆர்வம் என்று மட்டும் பிரபாவதியால் நினைக்க முடியவில்லை. இந்தப் பெண் எதைத் தேடுகிறாள்?

மெல்ல அவள் பின்னால் போய் நின்றாள். திரையில் ஒரு ஒலிப்பதிவு. ஒரே வாக்கியத்தை முதலில் ஒரு ஆள் பேசுகிறார், பிறகு ஒரு சின்னப் பெண் பேசுகிறாள். அதையே இயந்திரச் சத்தத்தில் கெட்டுப்போன காது எப்படிக் கேட்கும் என்றும் போட்டுக் காட்டுகிறார்கள். இசைப்பிரியா அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"என்னம்மா?"

"மிஸ், ஒருத்தங்க கேக்காத மாதிரி நடிக்கிறாங்களா, இல்ல நெசமாவே கேக்கலையான்னு எப்டிக் கண்டுபிடிக்கிறது?"

பிரபாவதிக்குச் சுருக்கென்றது. இவள் வாயைத் திறந்தாலே "விசில் அடிக்குதுடா" என்று காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பாவம், எத்தனை நாளாக மனசுக்குள் வைத்திருந்தாளோ!

"அந்தப் பக்கத்துல என்ன போட்டிருக்கு, பாரு," என்றாள் தட்டிக்கொடுத்து.

"எதிர்ல வந்து நிக்கணுமாம். மூஞ்சியப் பாத்து, கொரலக் கனமாக்கி, நிதானமாப் பேசணுமாம்."

"அப்டியே பேசிப் பாரேன்."

வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தது. வகுப்பின் முன்னால் நின்று, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு கனத்த குரலை எடுத்தாள். வகுப்பே சிரித்தது. அவள் நிறுத்தவில்லை.

"சத்தமான எடத்துல ரொம்ப நாள் வேல செஞ்சா, கீச்சுன்னு மெல்லிசா இருக்கற சத்தம்தான் மொதல்ல கேக்காமப் போகும். குருவி, கொலுசு, சின்னப் பொண்ணுங்க கொரல். தடிமனான சத்தம் அப்படியே கேக்கும். அதனால வெளியில யாருக்கும் தெரியாது. அவங்களுக்கே தெரியாது."

சிரிப்பு அடங்கிவிட்டது. முதலில் கைதட்டியவன் கொளஞ்சியப்பன். பிரபாவதிக்கு நிம்மதியாக இருந்தது. இனி இவளை யாரும் விசில் என்று சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் பிரபாவதி வெளியே வந்தபோது, பள்ளிக்கூட வாசலில் டி.வி.எஸ். வண்டியோடு இசைப்பிரியாவின் அப்பா சாமிக்கண்ணு நின்றிருந்தார். பட்டறையில் இரும்பு தேய்க்கும் வேலை. சட்டையெல்லாம் இரும்புத்தூள். வாட்ச்மேன் ஏதோ கேட்க, சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இசைப்பிரியா பின்னால் போய், "அப்பா" என்றாள், பழைய மெல்லிய குரலில்.

அவர் திரும்பவில்லை.

"அப்பா..."

சாலையைப் பார்த்தபடியே இருந்தார். வாட்ச்மேனுக்குப் பதில் சொல்லத் தெரிகிறது, பெற்ற பெண் கூப்பிட்டால் திரும்பத் தெரியவில்லையா? பிரபாவதிக்குக் கோபம் பொங்கியது. கேட்டுவிடுவது என்று இரண்டடி முன்னால் வைத்தாள்.

அதற்குள் இசைப்பிரியா வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரே நின்றாள். அவர் முகத்தையே பார்த்து, வகுப்பில் பேசிய அதே கனத்த குரலில், நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா. இன்னிக்கு நான் கிளாஸ்ல பேசினேன்ப்பா."

சாமிக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார். இரும்புத்தூள் படிந்த கையால் மகளின் கன்னத்தைத் தொட்டார்.

"ரெண்டு வருசமா இந்த அப்பங்கிட்ட ஒரு வார்த்த பேசாம கோவிச்சிக்கினு இருந்தியே கண்ணு... இன்னிக்காச்சும் ஒனக்குக் கோவம் தீந்துச்சா?"