முகம் பார்க்காத மதிப்பெண்

“ஐயோ, வயிறு பிச்சுக்கிட்டுப் போகுதே!” என்று கட்டிலில் சுருண்டார் அந்த அம்மாள். எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த பேராசிரியர் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

பதற என்ன இருக்கிறது? அது மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வு. அந்த அம்மாள் நோயாளியாக நடிக்க வந்தவர்; நடிப்பும் பிரமாதம்.

பேராசிரியர் வந்ததே வேறு வேலையாக. தலைமைத் தேர்வாளர் பதவிக்கு மதியம் அவருக்கு நேர்காணல். “ஒரு எக்ஸாமினர் வரல சார். ரெண்டே ரெண்டு பசங்கதான், உங்களை விட்டா யாரு இருக்கா?” என்று அலுவலகத்துப் பெண் கெஞ்சியதும் உச்சி குளிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பின்னே? தேர்வாளர்கள் ஆளைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று இருபது வருடம் ஆராய்ச்சி செய்து, பக்கம் பக்கமாய் எழுதி, ஊர் உலகத்தையே திட்டித் தீர்த்தவர். எழுதியதைச் செய்துகாட்ட அந்த ஒரு நாற்காலிதான் பாக்கி. “அங்க போயாவது அலட்டிக்காம இருங்க” என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

முதல் மாணவன் உள்ளே வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, மாப்பிள்ளைக் களை.

“பயப்படாதீங்கம்மா. வலி எங்க ஆரம்பிச்சுது? ராத்திரி தூக்கத்துல எழுப்பிவிடுதா?”

பேராசிரியரின் தலை தானாக ஆடியது. ‘தெளிவு, கனிவு’ என்று எழுதிப் பத்துக்கு ஒன்பது போட்டார்.

அடுத்தவன் சீப்பையே பார்க்காத தலையோடு வந்தான். கோட்டு, மூட்டைக்குள்ளிருந்து உருவியது போலக் கசங்கியிருந்தது.

“பயப்படாதீங்கம்மா. வலி எங்க ஆரம்பிச்சுது? ராத்திரி தூக்கத்துல எழுப்பிவிடுதா?”

பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். ‘வெறும் மனப்பாடம்’ என்று எழுதினார். பத்துக்கு மூன்று.

அவன் வெளியே போனதும் கட்டிலிலிருந்து குரல் வந்தது. “பாவம் சார் அந்தப் பையன். பாஸாவது போட்டுவிடக் கூடாதா?”

“அம்மா, நடிக்க வந்தா நடிச்சிட்டுப் போகணும்” என்று சிரித்தார் பேராசிரியர். “பாவம் புண்ணியம் பார்த்து மார்க் போடுற ஆள் நான் இல்ல. எனக்கு எவன் முகமும் கண்ணுல படாது. பேச்சு மட்டும்தான் காதுல விழும்.”

“அப்படியா சார்?”

“அதுக்குத்தான் என்னை இன்னிக்கு இன்டர்வியூவுக்கே கூப்பிட்டிருக்காங்க. ஆமா, அந்த ரூம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அம்மாள் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். நிதானமாக இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, மதிப்பெண் தாள்கள் இரண்டையும் அவர் கையிலிருந்து வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“அந்தப் பசங்க ரெண்டு பேரும்தான் சார் நடிக்க வந்தவங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வசனம்தான் எழுதிக் கொடுத்திருந்தோம்.”

பேராசிரியர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். “அப்ப... நீங்க?”

“உங்களை இன்டர்வியூ பண்ண வந்தவ. முடிஞ்சுது, நீங்க கிளம்பலாம் சார்.”